நாற்பத்தொன்றாம் சுண்டெலி

வாலைப் பிடித்துத் தூக்கினால் எலி பயத்தில் சிறுநீர் விட்டுவிடும். ஆய்வுக்கூடத்தில் அப்படித்தான் பிடிப்பார்கள். நாற்பத்தொன்றாம் எண் சுண்டெலியோ, ஆய்வாளர் மங்கையர்க்கரசியின் கையில் சொகுசாக உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

“தினமும் கொஞ்சிக் கொஞ்சிக் கெடுத்து வச்சிருக்கீங்க மேடம். அதுக்குப் பயமே விட்டுப்போச்சு,” என்றார் கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் சவரிமுத்து.

அதன் வம்சத்துக்கே ஒரு குறை. சிறுநீரகச் சல்லடையைத் தாங்கும் கொலாஜன் நார் வலையில் பிறவியிலேயே ஓர் இழை இருக்காது. சிறுநீரில் புரதம் ஒழுகும், அதில் தோய்த்த மஞ்சள் சோதனைப் பட்டை பச்சையாகும், மூன்றாம் மாதம் கூண்டு காலியாகும். இதற்கு மட்டும் அந்த மரபணுவைக் கருவிலேயே திருத்தியிருந்தாள்.

கையுறை போட்ட உள்ளங்கையில் வெதுவெதுப்பாக ஏதோ பரவியது. சவரிமுத்து பட்டையை அங்கேயே தோய்த்தார். ஒரு நிமிடம் ஆயிற்று, மஞ்சளாகவே இருந்தது. இரண்டு நிமிடம் கழித்தும் அதே மஞ்சள்.

“பட்டை பழசோ?”

“காலையிலதான் மேடம் டப்பாவைப் பிரிச்சேன்.”

எலி அவள் தோளுக்கு ஏறிவிட்டது.

“கையுறையைக் கழட்டிப் போடுங்க மேடம்.”

அவள் கையைக் கவிழ்க்கவே இல்லை. நிறைகுடம் சுமப்பவள்போல் அடிமேல் அடி வைத்து, அடுத்த அறைக்காரர்களிடம் காட்டப் புறப்பட்டாள்.