ஜன்னலோரக் கீழ்க்கட்டில்

வாசலில் 'இடமில்லை' என்ற பலகை தொங்கியது. அவன் அதை ஒருமுறை பார்த்தான். பிறகு குனிந்து ஷூ நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தான்.

"தம்பி, கண்ணு தெரியுதா? இல்லைன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு" என்றார் கண்டக்டர். படியில் உட்கார்ந்து, உடைந்த கொப்புளத்தை ஊதிக்கொண்டிருந்தார்.

"மூணு ஊர்ல இதே பலகையைப் பார்த்தாச்சுண்ணே. மூணு ஊர்லயும் கட்டில் கிடைச்சுது."

கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இந்தப் பதினான்கு நாள் நடை யாத்திரையின் இரண்டாம் நாளிலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும் அந்தந்த ஊர் யாத்ரீகர் விடுதியில் அவனைச் சந்திப்பவர். பதினான்கு இரவுக்கும் வீட்டிலிருந்தே போன் போட்டு இடம் பதிவு செய்துவிட்டுக் கிளம்பியிருந்தார். துண்டு போட்டு வைக்காதவனுக்கு சீட்டு கிடைத்ததாகத் தன் முப்பது வருஷ சர்வீஸில் சரித்திரமே இல்லை என்று தினமும் சொல்வார்.

அவன் எங்கேயும் பதிவு செய்யவில்லை. ஆனால் தினமும் அவனுக்குத்தான் ஜன்னலோரக் கீழ்க்கட்டில். கண்டக்டர் ஏணி பிடித்து மேலே ஏறிக்கொண்டிருந்தார்.

இன்று தாமதம். ஐந்து மணிக்குள் வராதவரின் கட்டிலை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவது இந்த வழியில் எல்லா விடுதிக்கும் ஒரே சட்டம். அவன் எப்போதும் இரண்டு மணிக்கே வந்துவிடுவான். நின்றால் ஏதோ ஒன்று பிடித்துக்கொள்ளும் என்பது போல நடப்பான். இன்று பாதி வழியில் கண்டக்டர் நொண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தான். அவர் பையையும் வாங்கி முன்பக்கம் மாட்டிக்கொண்டு அவர் வேகத்துக்கு நடந்ததில் மணி ஆறரை ஆகிவிட்டது.

வழியில் பேச்சு வந்தது. ஏன் முன்கூட்டியே பதிவு செய்யவில்லை என்று கேட்டார். வீட்டில் மனைவியோடு இதற்காகவே சண்டை நடக்கும் என்றான். அவள் பதிவு செய்யும் கட்சி. இவன், கால் போகிற வரைக்கும் போவோம், படுக்க ஓர் இடம் கிடைக்காமலா போகும் என்கிற கட்சி. கடைசியில் அவள், சரி உங்க இஷ்டம் என்று விட்டுவிட்டாள். கிளம்ப வேண்டிய தேதியும் எந்த நாள் எந்த ஊர் என்பதும் மட்டும் ஒரு தாளில் எழுதித் தந்தாள். அது அவன் சட்டைப் பையில் நான்காக மடிந்து கிடந்தது. அதை மீறி ஒரு ஊர்கூட அவன் கூடுதலாக நடக்கவில்லை.

"அவங்க வரலையா?"

"அவ போய் ஏழு மாசமாச்சு" என்றான்.

பிறகு அவனாகவே சொன்னான். டாக்டர் அவனிடம் மட்டும்தான் சொன்னார். அவன் அவளிடம் சொல்லவில்லை. சரியாகிவிடும், அடுத்த வருஷம் ரெண்டு பேரும் நடப்போம் என்று மட்டும் சொன்னான். அவள் உடனே நம்பிவிட்டாள். அந்த வாரமே அவனைக் கடைக்கு இழுத்துப்போய் இந்த ஷூவை வாங்கிக் கொடுத்தாள். தனக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

"கடைசி வரைக்கும் ஏமாத்திட்டேண்ணே. தெரிஞ்சிருந்தா என்கிட்ட ஏதாவது சொல்லியிருப்பா. சொல்லவிடாமப் பண்ணிட்டேன்." கொஞ்சம் நடந்துவிட்டுச் சொன்னான். "மன்னிப்பு கேக்கத்தான் நடக்கறேன். யார்கிட்டன்னு தெரியல."

உள்ளே, விடுதிக்கார அம்மாள் கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கிப் பதிவேட்டில் கண்டக்டரின் பெயரைத் தேடினாள். அவர் கட்டிலை ஐந்து மணிக்கே வேறொருவருக்குக் கொடுத்தாகிவிட்டது, ஹாலில் ஒரு மெத்தை போட்டுத் தருகிறேன் என்றாள். பிறகு அவன் யாத்திரை அட்டையை வாங்கிப் பெயரைப் படித்தாள். முத்திரை குத்தினாள்.

"உங்களுக்கு ஜன்னலோரம், கீழ்க்கட்டில். போங்க."

கண்டக்டர் ஒற்றை ஷூவோடு எழுந்து நின்றார். "இது என்னம்மா நியாயம்? துண்டு போட்டவன் தரையில. சும்மா வந்தவன் ஜன்னலோரத்துல. அஞ்சு மணிச் சட்டம் எனக்கு மட்டும்தானா?"

தன் கட்டிலை அவரே எடுத்துக்கொள்ளட்டும் என்று அவன் சொல்லிப் பார்த்தான். அம்மாள் கேட்கவில்லை. கண்டக்டரை முறைத்துக்கொண்டே பதிவேட்டை அவர்கள் பக்கம் திருப்பினாள்.

"சும்மா வந்தாரா? போன்ல பதிவு பண்ணின பொண்ணு சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டாங்க, அதனால வாயைத் திறக்கல. நீங்க என்னைத் திருடியாக்கிடுவீங்க போலிருக்கு."

பதினான்கு ஊருக்கும் அந்தப் பெண்ணே பேசியிருந்ததாகச் சொன்னாள். முதல் தடவை நடக்கிறார், எவ்வளவு நேரமானாலும் கட்டிலை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று ஒவ்வொரு விடுதியிலும் கெஞ்சி வைத்திருந்தாளாம்.

அவன் குனிந்து பார்த்தான். அவன் பெயர். பதிவு செய்தவர் என்ற இடத்தில் அவள் பெயர். தேதி போன வருஷத்தது. ஷூ வாங்கிய வாரம்.

தேதியின் மேல் விரலை வைத்தான். கண்டக்டர் அவன் முன்பக்கம் மாட்டியிருந்த தன் பையை மெதுவாகக் கழற்றிக் கீழே வைத்தார்.

"அப்ப ரெண்டு கட்டில் போட்டிருப்பா" என்றான். "அவளோடதை இவருக்குக் குடுத்துடுங்க."

அம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஒண்ணுதாங்க. நானும் கேட்டேன். 'அவர் மட்டும்தான் வருவார்'னாங்க."