மதியம் சரியும் கோடு

“மறுபடியும் விழுந்துடுச்சுங்க!”

அவள் போட்ட கூச்சலில், பக்கத்து மேஜையில் ஈயத்தால் கம்பியைப் பற்றவைத்துக்கொண்டிருந்த கணவன் விரலைச் சுட்டுக்கொண்டான்.

அவள் முன்னால் சீட்டுக்கட்டு அளவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு மேலே மாட்டினால், நோயாளியின் படத்தை வைஃபை வழியாக நர்ஸின் மேஜைக்கு அனுப்பும். அவன் செய்தது. அதன் வேகத்தை அளப்பது அவள் வேலை. ஒரு பகல் முழுக்க ஓடவிட்டு, நொடிக்கு இருபது மெகாபிட்டுக்குக் கீழே ஒரு தடவைகூட இறங்காமல் காட்ட வேண்டும். இறங்கினால் ஆர்டர் கிடையாது. ஆர்டர் இல்லையென்றால் இந்த மாதத்தோடு கம்பெனியை மூட வேண்டியதுதான்.

திரையில் காலையிலிருந்து முப்பதில் கோடாக ஓடிய வேகம், மதியம் மூன்று மெகாபிட்டுக்குச் சரிந்து, கொஞ்ச நேரத்தில் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி திரும்பவும் முப்பதில் போய் நின்றது. நேற்றும் இதே கதைதான்.

“சாப்பாட்டு நேரம்...” என்று இழுத்தான் கணவன். “மைக்ரோவேவ் ஓவனா இருக்குமோ? அதுவும் வைஃபையும் ஒரே அலைவரிசைதானே!”

அவள் விருட்டென்று எழுந்து சமையலறைக்குப் போனாள்.

அங்கே மூன்று டப்பாக்களையும் மேஜையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள் நாத்தனார். கணவனின் அக்கா. கம்பெனியில் கணக்கும் பேக்கிங்கும் அவள் பொறுப்பு. மதியம் தட்டு வைப்பதும் அவள்தான்.

“அண்ணி, நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் யாரும் ஓவனைத் தொடக் கூடாது.”

“அடுப்புக்கும் கம்ப்யூட்டருக்கும் என்னடி சம்பந்தம்? நடுவுல செவுரு வேற இருக்கு.”

“அதுக்குச் செவுரெல்லாம் ஒரு பொருட்டே இல்ல அண்ணி.”

“அப்போ ஆறிப்போனதைத்தான் திங்கணுமா?”

“நல்ல டப்பாவா வாங்கிக்கணும்!” அவள் தன் டப்பாவைத் திறந்தாள். ஆவி பறந்தது. “பாத்தீங்களா? எங்கம்மா கடைசியா வாங்கிக் குடுத்தது. நாளையோட அவங்க போய் ஒரு வருஷம். காலைல வச்ச சாப்பாடு இன்னும் கையைச் சுடுது. அவங்களே பக்கத்துல நின்னு பரிமாறுற மாதிரி இருக்கு.”

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வயித்தெரிச்சல், என்று நினைத்துக்கொண்டாள் அவள். சாப்பிட்டு முடித்ததும் ஓவனின் பிளக்கைப் பிடுங்கினாள். ‘தொடாதீர்கள்’ என்று காகிதம் எழுதி அதன் கதவில் ஒட்டினாள்.

“எனக்குத்தான் இந்த போர்டா?” என்றாள் நாத்தனார்.

“பொதுவா ஒட்டினேன் அண்ணி.”

“இருக்கிறதே மூணு பேரு. இதுல பொது வேறயா!”

மறுநாள்தான் கடைசி வாய்ப்பு. சாயங்காலம் ஆஸ்பத்திரி ஆள் வந்து வேகக் கோட்டைப் பார்ப்பார்.

காலை முழுக்கக் கோடு கயிறு கட்டின மாதிரி நேராக ஓடியது. முப்பது. முப்பது. இருபத்தொன்பது. முப்பது. கணவன் மூச்சுவிடக்கூட பயந்து உட்கார்ந்திருந்தான்.

“இன்னிக்குத் தாண்டிடும்” என்றாள் அவள்.

சொல்லி வாய் மூடவில்லை. பதினொன்று. ஐந்து. மூன்று.

அவளுக்கு ஒரு கணம் ஒன்றுமே புரியவில்லை. அப்புறம் நாற்காலி கவிழ எழுந்து ஓடினாள்.

சமையலறையில் பிளக் மாட்டியிருந்தது. காகிதம் ஒட்டின கதவுக்குள் வெளிச்சம். தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நாத்தனார்.

“அண்ணி!”

நாத்தனார் சட்டென்று திரும்பினாள். கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

‘டிங்’ என்று ஓவன் நின்றது. அடுத்த நொடி உள்ளறையிலிருந்து கணவனின் குரல்: “ஏறிடுச்சு! திரும்பவும் முப்பது!”

இதைவிட வேறு சாட்சி என்ன வேண்டும்?

“அவ்வளவு சொல்லியும் போட்டீங்களா? ஒரே ஒரு நாள் வாயைக் கட்ட முடியலையா? உங்க நாக்கு ருசிக்காக நம்ம மூணு பேர் சோத்துலயும் மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்களே!”

“ஒரு நிமிஷம்தானேனு...”

“அந்த ஒரு நிமிஷத்துல எல்லாம் போச்சு! நீங்கெல்லாம் மனுஷிதானா?”

ஓடி வந்த கணவன் வாசலிலேயே நின்றுவிட்டான். “என்னக்கா இது?” என்றான்.

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள்.

“அப்படி என்னத்த சுட வச்சீங்கனு நானும் பாக்கறேன்!” அவள் ஓவன் கதவைப் படாரென்று திறந்தாள்.

கண்ணாடித் தட்டில் ஆவி பறந்தது. அவள் காலையில் தன் கையால் சமைத்து எடுத்து வந்த சாப்பாடு.

ஓவனுக்குப் பக்கத்தில் அம்மா கொடுத்த டப்பா, மூடி கழற்றி, காலியாக இருந்தது. அதற்கும் அப்பால் நாத்தனாரின் டப்பா. இன்னும் திறக்கவே இல்லை. தொட்டாள். ஜில்லென்றிருந்தது.

“அண்ணி... இது என்னோடதுல்ல?”

நாத்தனார் குனிந்து கரண்டியை எடுத்தாள். நிமிராமலே சொன்னாள்:

“போன வருஷம் இதே நாள் உங்க வீட்டுலேர்ந்து வந்த ஃபோனை எடுத்து, உன்கிட்ட வந்து சொன்னது நான்தான். இந்த டப்பா சூட்டைப் பிடிச்சு வைக்காமப் போயி ஆறு மாசம் ஆச்சுடி. அதையும் நானேதான் சொல்லணுமா?”