நாற்பத்திரண்டாம் பக்கத்து மாவீரன்

"புத்தகத்துல இருக்கிற மாதிரியே நின்னுகிட்டுத்தான் ஓட்டணும்!" என்று படகில் ஏறிய பயணிகள் அடம்பிடித்தார்கள்.

துடுப்பைப் பிடித்திருந்த நெட்டை, அந்தப் புத்தகத்தை மனதுக்குள் சபித்தான். போன வருடம் வந்த எழுத்தாளர் ஒருவர், ‘சுழித்தோடும் ஆற்றில் நின்றபடியே, வானம் அதிரப் பாடிக்கொண்டு துடுப்புப் போட்ட மாவீரன்’ என்று தன் பயணநூலில் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் அவன் படத்தோடு எழுதித் தொலைத்திருந்தார்.

அன்று அவன் நின்றது, பயத்தில் முழங்கால் மடங்க மறுத்ததால். பாடியது, "ஐயோ அம்மா!"

இன்றும் நட்டாற்றில் படகு ஓர் ஆட்டம் ஆடியது. நெட்டையின் உயிர் தொண்டைவரை வந்து எட்டிப் பார்த்தது. அவன் போட்ட அலறலில் அக்கரைக் காக்கைகளெல்லாம் அடுத்த ஊருக்கே குடிபெயர்ந்தன.

"ஆகா, என்ன குரல்!" என்று பயணிகள் கைதட்டினார்கள்.

ஒருவழியாகத் திரும்பிக் கரையேறியதும், அங்கே காத்திருந்த மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நாளைக்கு நீங்க ஓட்டுங்க மச்சான். எனக்கு நீச்சல்கூடத் தெரியாது."

"நான் ஓட்டினா எவன் ஏறுவான்? புத்தகத்துல உன் மூஞ்சிதானே இருக்கு மாப்ளே!"

"படகோட்டி நீங்க மச்சான், நான் தையல்காரன்! அன்னைக்கு நான் தைச்சுக் கொண்டாந்த கால்சட்டையை நீங்க கரையில போட்டுப் பாக்கிறதுக்குள்ள, நானும் அந்த எழுத்தாளரும் உக்காந்திருந்த படகு கயிறு அவுந்து ஆத்தோட போயிடுச்சே, அது என் தப்பா?"