தகரக் கதவு

தாராவி அறுபதடி ரோட்டு வெயிலில், ஓய்ந்த குதிரைகளைப் பராமரிக்கும் பண்ணைக்குக் கொண்டுபோகும் லாரி நிற்கிறது. பந்தயத்திலிருந்து கழிக்கப்பட்டு, கல்யாண வண்டி இழுத்தே முன்னங்கால் வீங்கிய பெண்குதிரை அதில் ஏற மறுக்கிறது. “கல்யாண வண்டிக்காரன் மனசு மாறுறதுக்குள்ள ஏத்திரணும், எதாச்சும் செய்யுங்க அண்ணாச்சி!” குதிரையை மீட்க வந்த ரஷீதா கெஞ்சுகிறாள். ரேஸ் குதிரைகளைப் பன்னிரண்டு வருஷம் பார்த்துக்கொண்ட வானமாமலை, வேறு வழியில்லாமல், டிரைவரோடு கை கோத்து அதன் பின்னால் நின்று நெட்டுகிறார். பந்தயம் கிளம்பும், முன்கதவு திறந்ததும் பாய வேண்டிய கூண்டுக்குள் முரண்டு பிடிக்கும் குதிரையைத் தள்ளுவது அப்படித்தான். அந்தப் பிடி அதற்கு மறக்கவில்லை, ஏறிவிடுகிறது. உள்ளே காதை நிமிர்த்தி, வீங்கிய காலையும் ஊன்றி, உடம்பெல்லாம் நடுங்க, எதிரே இருக்கும் தகரத்தையே பார்க்கிறது. வானமாமலை ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொள்கிறார். “ஏட்டி, இனிமே ஓட வேண்டாம்ட்டி.” அது கேட்கவில்லை. தகரம் திறக்கக் காத்து நிற்கிறது.