பேட்டரியா, சார்ஜரா?

"நீங்க ட்ரையலுக்குக் கொடுத்த மெஷின் வேலையே செய்யலைம்மா. ஒரு வாரமா டாடியைக் கூப்பிட்டாத் திரும்பக்கூட மாட்டேங்கிறார்" என்று படபடத்தான் ஆஸ்டின். பக்கத்தில் அவன் அப்பா ஆரோக்கியநாதன் தேமே என்று உட்கார்ந்திருந்தார்.

தி.நகர் காது மெஷின் கடையில் இருந்த ஃபிசா, மெஷினை அவர் காதிலிருந்து கழற்றாமலே கம்ப்யூட்டரில் பார்த்தாள்.

"நல்லாத்தான் சார் இருக்கு. எவ்வளவு நேரம் காதுல இருந்துச்சுன்னு அதுவே பதிஞ்சு வெச்சிருக்கு. தினமும் பதினாலு மணி நேரம். அங்கிள் தூங்கும்போது மட்டும்தான் கழட்டியிருக்கார்."

ஆஸ்டின் சட்டென்று அப்பா பக்கம் திரும்பினான்.

"கேக்குதுன்னு சொல்ல வேண்டியதுதானே டாடி?"

"நீயும் மருமக கரோலும் பேசிக்கிட்டே இருந்தீங்க. நடுவுல நான் எதுக்குன்னு விட்டுட்டேன்ப்பா."

ஃபிசா இரண்டு மாடல்களை எடுத்து வைத்தாள். "இது வாரா வாரம் பேட்டரி மாத்துறது. இது ராத்திரி கட்டில் பக்கத்துல வெச்சு சார்ஜ் போடுறது. வயசானவங்களுக்கு இதுதான் சுலபம் அங்கிள்."

"அதையே எடுத்துக்குங்க டாடி. விலையைப் பார்க்காதீங்க" என்று அவசரமாகச் சொன்னான் ஆஸ்டின்.

பெரியவர் பேட்டரி மாடலைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"எனக்குன்னு நீங்க பார்த்து வெச்சிருக்கிற முதியோர் இல்லத்துல, கட்டில் பக்கத்துல ப்ளக் பாயின்ட்டே இல்லைன்னு கரோல் சொன்னாளேப்பா."