வியாழக்கிழமை அணைப்பு

வியாழக்கிழமைக் கூட்டம் முடிந்ததும் எங்கள் கென்டக்கி சபையில் எல்லோரும் எல்லோரையும் கட்டி அணைப்பார்கள். நான் கர்டிஸை மட்டும்தான் அணைப்பேன்.

குடியை விட நினைப்பவர்களுக்கான ஜெபக்கூட்டம் அது. யாரும் யாருடைய குடும்பப்பெயரையும் கேட்கக் கூடாது. பேச விருப்பமில்லாதவர் "அடுத்தவங்க பேசட்டும்" என்று சொல்லிவிடலாம். ஒரு வருடமாக நான் அதை மட்டும்தான் சொன்னேன்.

இன்றோடு கர்டிஸ் குடியை விட்டு ஒரு வருடம். அதற்குச் சபையில் தரும் பதக்கத்தை யார் கையால் வாங்குவது என்று அவன்தான் சொல்ல வேண்டும்.

"வெர்னாம்மா கையால," என்றான் என்னைக் காட்டி.

பாஸ்டர் லாயிட் சிரித்தார். "அவங்க வாயே திறக்கலியேப்பா."

"வாராவாரம் கட்டிப்பிடிச்சாங்க பாஸ்டர். ஜெயில்லேர்ந்து வந்தவனை எங்கம்மாவே தொடல. புதன்கிழமையானா பாட்டிலைக் கையில எடுப்பேன். நாளைக்கு இவங்க முன்னாடி வாடையோட எப்படிப் போய் நிக்கிறதுன்னு பாட்டிலைக் கீழ வெச்சிருவேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். பதக்கத்தை அவன் உள்ளங்கையில் வைத்து, வழக்கம்போல் அணைத்து, மூச்சை இழுத்தேன். இன்றும் சோப்பு வாசனைதான்.

நான் ஒருநாளும் குடித்ததில்லை. குடித்துவிட்டு அவன் ஓட்டிய வண்டியில் அடிபட்டுச் செத்தவள் என் மகள். வழக்கு நடந்தபோது நான் கோர்ட்டுக்குப் போகவில்லை. அதனால் என் முகம் அவனுக்குத் தெரியாது. குடிக்கக் கூடாது என்ற நிபந்தனையில்தான் அவனை ஜெயிலிலிருந்து விட்டார்கள்; மறுபடி குடித்தால் உள்ளே தள்ளிவிடுவார்கள். அவனைக் கண்காணிக்கும் அதிகாரியின் போன் நம்பர் ஒரு வருடமாக என் கைப்பையில் இருக்கிறது.

"அடுத்த வாரமும் வருவீங்கல்ல?" என்றான் கர்டிஸ்.

"வருவேன்," என்றேன்.