சிவப்புப் புள்ளிகள்

விளக்கப்படம் வரைவது என் மகளின் தொழில். அன்று அவள் மேசைமேல் கிடந்த படத்தில் ஒரு பெண்ணின் உருவம் இருந்தது. கை, காது, விலா என்று உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளிகள். பெரிய புள்ளிகள் எலும்பு முறிவு, சிறியவை அறை என்று ஓரத்தில் குறிப்பு. மேலே, 'கணவர் அடித்த இடங்கள்' என்ற தலைப்பு. அதன் பக்கத்தில் எங்கள் குடும்பப் பெயர்.

எனக்கு இரத்தம் கொதித்தது. உள்ளேயிருந்து வந்த மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்து, அவர் முகத்தைச் சுவரில் மோதினேன். மூக்கு உடைந்து இரத்தம் கொட்டியது.

"மாமா, விடுங்க. நான் என்ன பண்ணேன்?"

"என் வீட்டுப் பொண்ணு மேல கை வைக்கிறவன் உயிரோட இருக்கக் கூடாதுடா."

மறுபடி வயிற்றில் குத்தினேன். அவர் சுருண்டு விழுந்தார். மகள் ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"அவரு என்னை அதட்டினதுகூட இல்லப்பா."

"அப்ப இந்தப் படம்?"

"கோர்ட்டுக்குப்பா. ஜட்ஜுக்குச் சட்டுனு புரியற மாதிரி வக்கீல் கேட்டாரு."

"என் குடும்பப் பெயரைப் போட்டு, யாரு மேலடி கேஸு?"

கணவனின் மூக்கைத் துடைத்தபடியே அவள் சொன்னாள்.

"உங்க மேலதாம்ப்பா. அம்மாவோட முப்பது வருஷத்தை ஒரே பக்கத்துல அடக்கறதுக்குத்தான் கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு."